குசு வண்டின் கதையை இழுத்த வாரங்கள்

மல்லாட்டைச் செடி பிடுங்கிப் போட்ட குவியலைப் புரட்டியபோது ஒரு வண்டு என் விரலில் பட்டென்று வெடித்தது. சுரீரென்று சுட்டது. நாற்றம் வேறு, பழுப்புக் கறை சோப்புக்கும் போகவில்லை. பக்கத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண், "இன்னா மாமா, குசு வண்டுகிட்ட வாங்கிக்கினியா? இன்னிக்கு சோத்த ஸ்பூன்ல துன்னு" என்று சிரித்தாள்.

அன்று ஞாயிறு. சென்னையில் இருக்கும் என் மகள், டூட்டி முடிந்து பஸ்சுக்கு நிற்கும் நேரத்தில் பேசுவாள். அவள் அம்மா போன பிறகு ஒலக்கூர் வீட்டில் எனக்கு வேறு பேச்சுக் குரல் கிடையாது. "மாத்திரை போட்டியாப்பா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான் வரும். அன்று வண்டைப் பற்றிச் சொன்னேன்.

"அவ்ளோ சூடாவா? அப்ப அதோட வயிறு வேவாதாப்பா?"

அவள் போனை வைக்காமல் கேட்ட முதல் கேள்வி அது. வாரமெல்லாம் செல்போனில் தேடிப் படித்தேன். தெரிந்ததை ஒரேயடியாகச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு: பூச்சிகள் தங்கள் ஓட்டைக் கெட்டிப்படுத்த உடம்பிலேயே ஒரு சரக்கு செய்துகொள்கின்றன. அது கசக்கும். கூடுதலாகக் கசந்த வண்டைத் தவளை துப்பிவிட்டது. வண்டு பிழைத்து முட்டையிட்டது. மறு ஞாயிறு: தோலில் ஒரு பள்ளம், அதில் அந்தச் சரக்கு தேங்கி, தலைமுறை தலைமுறையாகப் பள்ளம் ஆழமாகிப் பையானது.

"பாதிப் பைய வெச்சிக்கினு இன்னாப்பா பண்ணும்?"

"ஓட்டைக் கொடை இருந்தா மழையில தூக்கியாம்மா போடுவ? தலையாவது நனையாது இல்ல?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு, கசியவிட்ட வண்டு பீய்ச்சப் பழகியதைச் சொன்னேன். எந்த உயிரின் உடம்பிலும் துளி ஊறுகிற இன்னொரு சரக்கு அதோடு சேர்ந்ததையும் சொன்னேன். இரண்டும் கலந்தால் சூடு பிறக்கும். முதலில் வெறும் வெதுவெதுப்புதான், சூடு ஏற ஏற பையின் சுவரும் கூடவே தடித்தது. அதனால்தான் வயிறு வேகவில்லை. கசப்போடு நின்றவை, கசியவிடுபவை, பீய்ச்சுபவை எல்லாம் இன்றும் இருக்கின்றன. அதை வைத்துத்தான் படித்தவர்கள் இப்படிக் கணிக்கிறார்கள்.

போன ஞாயிறு, வெடிப்பது மட்டும்தான் பாக்கி. அதையும் சொல்லி முடித்தேன்.

"இத ஒரே நாள்ல சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே வெச்சிருப்பியேம்மா."

வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு, "பஸ் வந்துடுச்சுப்பா" என்றாள்.

"பாத்து ஏறும்மா."

அவள் போனை வைக்கவில்லை. கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அவள் மூச்சு கேட்டது. காது சூடாகிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.