ஒட்டிப்போன இரண்டு படங்கள்

இங்கே சுவிசில், பேர்ன் நகரத்தில் பழைய பேப்பரைக்கூட நூலால் கட்டித்தான் வீதியில் வைக்க வேண்டும். வந்த புதிதில் நான் பையில் போட்டு வைத்தேன். எதிர்வீட்டுக் கிழவர் அதைத் திரும்ப என் கதவடியில் கொண்டுவந்து வைத்தார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பைக்குள் பார்த்தால் ஒரு நூல்பந்தும் வைத்திருந்தார். இப்போது அக்கம்பக்கத்தார் வைக்கும் கட்டுகளிலிருந்து சஞ்சிகைகளையும் மலைப்பாதை வரைபடங்களையும் கேட்டு எடுத்துக்கொள்கிறேன். துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் என் கொலாஜ் வேலைக்கு அவைதான் காகிதம்.

கொலாஜை மொனிகாவிடம் பழகினேன். ஜெர்மன் மொழி வகுப்புக்கு அடுத்த அறையில் வெளிநாட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். வெட்டுவது, கிழிப்பது, மட்டையில் பரப்பி இடம் மாற்றிப் பார்ப்பது. பசை கடைசியில்தான். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதித் துண்டுகள் தேவையில்லை என்று தெரியும் என்பாள். எதையும் நினைக்காமல் நாள் முழுக்கச் செய்யக்கூடிய வேலை. அதனால் எனக்குப் பிடித்தது. ஒருநாள் அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்த காகிதம் ஏதாவது எடுத்துவரச் சொன்னாள். என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

சுனாமியில் கடல் வந்தபோது எங்கள் வீடு சாய்ந்தமருதில் கரையோரமாக இருந்தது. தங்கச்சி நஸீரா போய்விட்டாள். வாப்பா அதற்கு முன்பே இல்லை. நானும் உம்மாவும் மிஞ்சினோம். பள்ளிக்கூடத்து முகாமில், சேற்றிலிருந்து பொறுக்கிய படங்களை யாரோ பிள்ளைகள் உட்காரும் வாங்குகளில் காயப்போட்டார்கள். காயுமுன்னே வேறு யாரோ அடுக்கிவிட்டார்கள். நஸீராவின் ஒரேயொரு படம் இன்னொரு படத்தோடு முகத்துக்கு முகம் ஒட்டிப்போனது. ஒரு பின்பக்கத்தில் நஸீரா என்று வாப்பாவின் எழுத்து. மறுபக்கத்தில் குகன் என்று எழுதியிருந்தது. குகன் அதே முகாமில் தண்ணீர் வாளி தூக்கித் திரிந்தவன். கல்முனைக் கரையில் மீன்பிடிக் குடும்பம். அவனுடைய அம்மா புஷ்பம் அக்கா படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உம்மாவிடமே கொடுத்தார்.

"நீங்களே வைச்சிருங்க. என்ட மகன் கண்ணுக்கு முன்னால நிக்கான். அவன எப்ப வேணுமெண்டாலும் படம் எடுக்கலாம்."

எடுக்கவில்லை. குகன் வன்னிக்கு, இயக்கத்துக்குப் போனான். போனானா, கொண்டுபோனார்களா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. யுத்தம் முடிந்தது என்று ஊரில் வெடி கொளுத்திய பிறகு ஒருநாள் புஷ்பம் அக்கா எங்களுக்குக் கட்டித்தந்த சுனாமி வீட்டுக்கு வந்தார். மகனைத் தேடப் படம் வேண்டுமாம். உம்மா அலுமாரியைத் திறந்து எடுத்து நீட்டினார்.

"பிரிச்சா எது மிஞ்சுமெண்டு தெரியா. நீங்களே பிரிச்சுப் பாருங்க."

புஷ்பம் அக்கா கையை நீட்டவில்லை. "உங்கட புள்ள போயிட்டா. என்ட மகன் வருவான். போன புள்ளட முகத்த என்னால பிய்க்கேலாது."

நான் கலியாணம் முடித்துச் சுவிசுக்கு வந்தபோது உம்மா அந்தப் படத்தை என் பெட்டிக்குள் வைத்தார். மொனிகா அதை வெட்டக்கூடாது என்றாள். பழைய படங்களைத் திருத்தும் தன் சிநேகிதியிடம் கூட்டிப்போனாள். பிரிக்கலாம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் போய்விடும் என்றார் அவர். ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். உம்மா புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தியிருந்தார். அவர் சொன்னதை இரண்டு பேருக்கும் சொன்னேன்.

"எது வந்தாலும் வரட்டும் புள்ள, பிரிங்க" என்றார் புஷ்பம் அக்கா.

குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தகட்டை விட்டுப் பிரித்தார் அந்தச் சிநேகிதி. குகனின் சட்டைக் கொலர் நஸீராவின் கழுத்தில் தங்கிவிட்டது. அவளுடைய ஒரு புருவமும் முக்காட்டின் நீலமும் குகனின் நெற்றியில். மற்றபடி இரண்டு முகமும் தெரிந்தன. ஈரப் படங்களைக் கையில் வாங்கினேன். கை குளிர்ந்திருந்தது. தண்ணீரால் என்று நினைக்கிறேன்.

அசல் படங்களை எடுத்துவைத்துவிட்டுப் பிரதிகளைப் பெரிதாக்கிக் கிழித்தேன். மலைப்பாதை வரைபடங்களின் மேல் அவற்றை ஒட்டினேன். பாரமான புத்தகங்களுக்கடியில் காயவைத்தேன். இங்குள்ள நூலகத்து மண்டபத்தில் எங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைத்தபோது, மொனிகா அதைப் பார்ப்பவரின் கண்மட்டத்தில் தொங்கவிட்டாள். ஓர் அம்மாள் அதன் முன் நெடுநேரம் நின்றுவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஹோக்சைட்?" என்றார். கலியாணமா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் யார் தாலி கட்டுவார், யார் முக்காடு போடுவார் என்று அவருக்கு என்ன தெரியும்.

"நைன்" என்றேன். இல்லை. இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. "வாசர்" என்றேன். தண்ணீர். அவர் தலையாட்டிவிட்டுப் போய், ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

அசல் படங்களை ஊருக்குப் போன, எங்கள் பக்கத்துப் பாலமுனைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவரவர் பிள்ளை அவரவர் தாயிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு, நஸீராவின் நினைவுக்குக் குர்ஆன் ஓதும் கத்தம் நாளில் உம்மா வீடியோ அழைப்பு எடுத்தார். நான் ட்ராமில் இருந்தேன்.

"புஷ்பம் வந்திரிக்கா. மகனுக்குத் திவசம் ஒண்டும் செய்ய மாட்டாவாம், அவன் வருவானாம். நம்மட புள்ளைக்கு ஓதக்குள்ள தானும் ஒரு பக்கத்தில இருக்கட்டா எண்டு கேட்டா. இரிங்க எண்டன்."

சொல்லிவிட்டு உம்மா தொலைபேசியைப் பாயில் வைத்துவிட்டார். எனக்குத் திரையில் முகட்டு விசிறி மட்டும் தெரிந்தது. ஓதும் சத்தம் வந்தது. மிகக் கிட்டத்தில் ஒரு பெண் அழுதாள். உம்மாவா புஷ்பம் அக்காவா என்று தெரியவில்லை. கடைசிப் பிரார்த்தனையான துஆ தொடங்கியதும் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு நானும் கையேந்தினேன். எதிரே இருந்தவர் என் கைகளைப் பார்த்தார். நான் எதையோ கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தன் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார். நான் கையை இறக்கவும் இல்லை, எழும்பிப் போய் அங்கே உட்காரவும் இல்லை.