கொம்படிப் பாதையில் ஒரு குழி

பெரிய தெருவை இராணுவம் மூடிவிட்டது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக, கடல்நீரேரிக்குள் கிடக்கும் இந்தச் சேற்றுப் பாதைதான் மிச்சம். இரவு பெய்த மழை நடுப்பாதையை அரித்துக் குழியாக்கியிருக்கிறது. தெருவை மூடினவன் எவனும் இதைத் திருத்த வரப்போவதில்லை. பக்கத்து ஊர்ச்சனம் கூலியில்லாமல் மண்மூட்டை சுமந்து கொட்டுகிறது. மூட்டைகள் முடிந்தும் குழி நிரம்பவில்லை. இறங்கினால் இடுப்புவரை புதைகிறது.

எதிர்ப்பக்கத்தில் ஒருவன் மனைவியைச் சைக்கிள் கரியரில் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறான். அவளுக்குப் பிரசவ வலி. பெரியாஸ்பத்திரி நாங்கள் நிற்கும் யாழ்ப்பாணப் பக்கத்தில் இருக்கிறது.

வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் வியாபாரி, வன்னியில் விற்கக் கொண்டுபோகும் வெங்காய மூட்டைகளைச் சைக்கிளிலிருந்து அவிழ்த்துக் குழிக்குள் உருட்டுகிறார்.

"விசரே அண்ணை உங்களுக்கு? உப்புத்தண்ணியில அழுகிப்போகும்!" என்று கத்துகிறேன்.

"கத்தாமல் மிதிச்சு இறுக்கும். பிள்ளைக்கு வெங்காயம் எண்டு பேர் வைக்கட்டும்."

"என்ரை பிள்ளைக்கு உந்தப் பேர் வேண்டாம்!" என்று வலிக்கு நடுவிலும் அந்தப் பெண் ஏசுகிறாள். எல்லோரும் சிரிக்கிறோம்.

மூட்டைகள் தாங்குகின்றன. நாலுபேர் பிடிக்க, சைக்கிள் இக்கரைக்கு வந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறது. அவருக்கு எடுத்துக் கொடுக்க, நான் குனிந்து ஒரு மூட்டையை இழுக்கிறேன். அவர் என் கையைத் தட்டிவிடுகிறார்.

"உமக்குப் பின்னால எவ்வளவு சனம் நிக்குது, பாரும்."

சொல்லிவிட்டுத் தன் வெங்காயத்தின்மேல் தானே சேற்றை அள்ளிப் போடுகிறார். இப்படியொரு மனிதனை நான் கண்டதில்லை. நானும் அள்ளுகிறேன்.