பள்ளி கேட்டில் பிடிபட்ட டப்பா

பிள்ளைகளே, இதில் நான் நல்லவனாக வரமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து, தாபோடியில் குடியேறியிருந்தோம். ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. மகள் ஆறாவது படித்தாள்.

ஹோலிக்கு மறுநாள் அவளை வெளியே விடவில்லை. அதற்கடுத்த நாள், எல்லாம் முடிந்ததென்று வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்பினோம். இந்த ஊரில் ஐந்தாம் நாள் வரும் ரங்கபஞ்சமிதான் பெரிய கலர் விளையாட்டு, அதுவரைக்கும் பையன்கள் பலூனில் தண்ணீர் நிரப்பி எறிவார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அவள் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி மாடியிலிருந்து எறிந்த பலூன் அவள் வலது கண்ணில் வெடித்தது.

டாக்டர் கட்டுப் போட்டார். நாலு நாள் கழித்து அவிழ்த்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார்.

அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையனின் முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த மராத்திக்காரர் சொன்னார்: "ரங்கபஞ்சமி அன்னிக்கு யாரு மூஞ்சில எதப் பூசினாலும் கேள்வி கிடையாது, அண்ணா." அவர் சும்மா சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். வேலை செய்யும் இடத்திலிருந்து சின்ன டப்பாவில் சில்வர் பெயிண்ட் எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன்.

ரங்கபஞ்சமி காலையில் லீவு லெட்டர் கொடுக்கிற சாக்கில் பள்ளிக்குப் போனேன். கேட்டில் வகுப்பு டீச்சர் நின்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உருவம், பெரிய குரல். பக்கத்தில் அதே பையன், கையில் வாளியுடன். பிடிபட்ட பலூனையெல்லாம் ஊசியால் குத்தி வாளியில் போடுவதும், என் மகள் வராத நாட்களின் பாடத்தை அவள் நோட்டில் எழுதிக் கொடுப்பதும் அவனுக்குத் தண்டனை. கூட்டாளிகள் "துரோகி!" என்று அவனைத் திட்டிக்கொண்டே உள்ளே போனார்கள்.

என்னையும் டீச்சர் நிறுத்தினார். அவர் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பையத் திறங்க, பாய்சாப்."

"நான் அப்பா, டீச்சர்."

"அப்பாக்கள் பையில டிபன்தான இருக்கும்? திறங்க."

திறந்தேன். டப்பாவை வெளியே எடுத்து மூடியை நெம்பினார். வாடை வந்தது. பையன் டப்பாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். யாருக்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வாளியோடு டீச்சர் பின்னால் நகர்ந்தான்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இது கண்ணுல பட்டா தண்ணில போகுமா?"

"போகாது."

"எதுல போகும்?"

"மண்ணெண்ணெய்."

"பன்னெண்டு வயசுப் பையன் கண்ணுல மண்ணெண்ணெய் ஊத்துவீங்களா?"

அந்த நிமிடத்தில், ஊற்றியிருப்பேன் என்றுதான் தோன்றியது.

"இந்த கேட்டத் தாண்டி எந்தக் குழந்தை கண்ணுக்கும் ஆபத்து போகக் கூடாது. அன்னிக்கு நான் மாடியில நின்னிருக்கணும். நிக்கல. அது என் தப்பு" என்றார். "அவனுக்கு என்ன தண்டனை வேணும்? சொல்லுங்க, நான் குடுக்கறேன்."

"நாளைக்குக் கட்ட அவிழ்க்கறாங்க. அவன் எதிர்ல நின்னு பாக்கணும். என் பொண்ணுக்குக் கண்ணு தெரியலன்னா, அத அவன் வாழ்நாள் பூரா மறக்கக் கூடாது."

டீச்சர் டப்பாவை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டார். "அவன் அம்மாவும் வருவாங்க. நானும் வருவேன்."

சொன்னபடி மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நர்ஸ் பஞ்சை எடுக்க எடுக்க, நான் மகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் வெளுத்து, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கண் சிவந்து வீங்கியிருந்தது. டாக்டர் இடது கண்ணைப் பொத்தி, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் மகள். பிறகு அந்தச் சிவந்த கண்ணாலேயே அவனைப் பார்த்து, "ஏண்டா அழற? என் சயின்ஸ் நோட்ட எழுதி முடிச்சியா இல்லியா?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாள் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.