ஆளில்லாத லயம்

எங்கள் வீட்டுக்கு முன்னால் நடைபாதையோரம் நிற்கும் லிண்டன் மரத்துக்கு ஓர் எண் இருக்கிறது. சின்னத் தகரத் தகட்டில் பொறித்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அடித்து வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அதை ஏதோ மின்சாரக்காரர்களின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காற்றில் கிளையொன்று முறிந்து தொங்கியபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி வெளியே வந்து, அண்ணாந்து அந்த எண்ணைப் படித்து, 'கெமேன்ட' என்று இங்கே சொல்லும் நகரசபைக்குத் தொலைபேசினார். மறுமுனையில் இருந்தவருக்கு அது என்ன வகை மரம், எப்போது நட்டது, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. மரம் யாருக்குச் சொந்தம் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். முறிந்த கிளையை நான் விறகுக்குக் கேட்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, உங்கள் வீட்டில் விறகடுப்பு வைக்க அனுமதி இருக்கிறதா என்று அவர் கவலையோடு திருப்பிக் கேட்டார். விளக்கப் போனால் இன்னும் சிக்கலாகும் என்று சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சிரித்தேனே தவிர, அன்றைக்கு முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை. இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அக்கா குடும்பம் இருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புக்கு, எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. அவளுக்குக் கடிதம் போட்டால் தோட்டத்து ஒஃபிசுக்குப் போய், அங்கே எவராவது பார்த்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் உண்டு.

நானும் அந்த லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு கொஞ்சம் வந்ததால், தொண்ணூறுகளில் பதுளையில் ஓர் அலுவலகத்தில் படவரைஞர் வேலை கிடைத்தது. தோட்டங்களின் பழைய வரைபடங்களை மெல்லிய தாளில் நகலெடுப்பதுதான் வேலை. எத்தனை ஏக்கர் தேயிலை, ஃபெக்டரி எங்கே, துரை பங்களா எங்கே என்று எல்லாம் அவற்றில் சுத்தமாக இருக்கும். பங்களாவின் மாட்டுக் கொட்டில்கூட இருக்கும். லயங்கள் சில படங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. வரைந்தவர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தாரோ என்று நானும் தோழிகளும் கேலி பேசிக்கொள்வோம். பிறகு கணினி வந்தது, ஒரு புலமைப்பரிசிலும் வந்தது. படிக்க வந்தவள் இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டேன். இவ்வளவு தூரம் தள்ளி வந்துவிட்டோம், இனி அந்த லயம் நம் மேசைக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்தது. நான் வேலை செய்யும் நிறுவனத்துக்கு எங்கள் ஊர் இருக்கும் ஊவா மாகாணத்தின் மலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் கிடைத்தது. மரங்கள், ஊற்றுகள், ஓடைக்கரைகள் ஆகியவற்றையும் வீதி, வடிகால் போல ஒரு பிரதேசத்துக்கு வேண்டிய கட்டமைப்பாகவே கருதித் திட்டமிடுவதை இங்கே பசுமைக் கட்டமைப்பு என்கிறார்கள். அதற்கு முதலில் ஒரு புவியியல் தரவுத்தளம் வேண்டும். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை வரைபடத்தோடு சேர்த்துச் சேமித்து வைக்கும் கிடங்கு என்று வையுங்கள். அதை வடிவமைப்பதும் ஆவணப்படுத்துவதும் என் பொறுப்பு. ஆவணப்படுத்துவது என்றால், கிடங்கில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் எழுதுவது. ஓடை என்றால் என்ன, எவ்வளவு அகலம் இருந்தால் ஓடை, கோடையில் வற்றிப்போனால் அது ஓடையா இல்லையா என்று முடிவில்லாமல் போகும் வேலை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். இயல்பிலேயே எதற்கும் பயப்படுகிற ஆள் நான். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி வைத்துவிட்டால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றும். கட்டடங்களுக்கு 'ஆள் வசிப்பது', 'ஆளில்லாதது' என்று இரண்டே நிலைகளை வைத்து, இரண்டுக்கும் விளக்கம் எழுதினேன். ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து கிடைத்தது என்ற மூலம் குறிக்கப்பட வேண்டும், களத்தில் நேரில் பார்த்தவரின் பதிவு இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது என்ற விதியையும் நானே எழுதினேன். அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

களப்பதிவுகள் பதுளையிலிருந்து தொகுதி தொகுதியாக வந்தன. பூனாகலைப் பக்கத்துத் தொகுதியைத் திறந்தபோது, வேலை என்பதை மறந்து, கண் தானாகவே எங்கள் ஓடை வளைவைத் தேடிப் போனது. கோயில், அதற்குக் கீழே நாங்கள் குளித்த பீலி, பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்று. அதை ஒட்டி நீளமாக ஒரு கட்டடம். அழுத்திப் பார்த்தேன். 'ஆளில்லாதது' என்று இருந்தது. திட்டத்தின்படி, ஊற்றைச் சுற்றியுள்ள ஆளில்லாத கட்டடங்களை அகற்றிவிட்டு மரம் நட வேண்டும். அந்த ஆளில்லாத கட்டடத்தில் லெட்சுமி அக்காவும் மச்சானும் பிள்ளைகளும், அவர்களோடு ஏழெட்டுக் குடும்பங்களும் இருக்கிறார்கள்.

என் மேலாளர் ஹெங்க் நல்ல மனிதர், ஆனால் நூல் பிடித்தாற்போல் நடப்பவர். அது தவறு, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். மூலம் என்ன என்று கேட்டார். என் அக்கா அங்கே இருக்கிறாள் என்றேன். அக்காவின் முகவரியைக் கொடு, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். லயத்துக்கு முகவரி கிடையாது என்று சொன்னபோது, நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்தார். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது. முகவரி இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி இருக்க முடியும் என்பது உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. நான் எழுதிய விதியையே திருப்பி என்னிடம் காட்டி, நீ ஒருத்தி சொல்வதற்காக மாற்றினால் நாளைக்கு யார் சொன்னாலும் மாற்ற வேண்டிவரும் என்றார். திட்டம் தீட்டுகிறவர்களிடம் தரவை ஒப்படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க பண்டாரவளைக்கு வருவாள். அங்கே கொமியூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடையொன்றில் சொல்லி வைத்தால் வந்து காத்திருப்பாள். அப்படித்தான் பேசினோம். யாராவது அளக்க வந்தார்களா என்று கேட்டதும் அவள் குரலில் ஒரு பெருமை வந்தது.

"வந்தான்ல, கால்ச்சட்டை போட்டுக்கிட்டு, கையில ஒரு மெசினோட. எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. கால் வீக்கம்னு நான் மட்டும்தான் நின்னேன். இங்க யாரும் இல்லீங்க, எல்லாம் மேல் லயத்துக்குப் போயி ரொம்ப நாளாச்சு, நான் வெறகு பொறுக்க வந்தேன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் அப்பா காலத்தில், யார் இலங்கைப் பிரசை, யார் இந்தியப் பிரசை என்று பிரிக்கப் பெயர் எழுத ஆட்கள் வந்தார்கள். எழுதிக்கொண்டு போய்க் கொஞ்ச காலத்தில் சித்தப்பா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லித் தாள் வந்தது. ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் சனம் பெயர் வைத்த அந்த ரயிலில் அவர்களை ஏற்றிவிட பண்டாரவளை ஸ்டேஷனுக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பெட்டிக்குள்ளே இருந்தவர்களும் அழுதார்கள், வெளியே நின்றவர்களும் அழுதார்கள். அதற்குப் பிறகு அப்பா, தாளோடு எவர் வந்தாலும் எங்களைக் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். இருமல் வந்தால் வாயைப் பொத்துவார். தொண்ணூறுகளில் பதுளையில் அறை எடுத்துத் தங்கிய நானும், போர்க்காலத்தில் தமிழர் பதிய வேண்டும் என்று பொலிசில் பெயர் பதிந்துவிட்டு வந்த நாளில் சோறு இறங்காமல் கிடந்தவள்தான். எழுதப்பட்டால் ஆபத்து என்பதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கற்றுக் கொடுக்கவில்லை. பால் குடிக்கும்போதே உள்ளே போய்விட்டது.

அவளுக்கு விளங்க வைக்க நெடுநேரம் பிடித்தது. யாரும் இல்லை என்று எழுதினால் லயத்தை இடித்துவிட்டு மரம் நடுவார்கள் என்றேன். நடட்டுமே, நல்லதுதானே, எங்கே நடப்போகிறார்கள் என்றாள். உன் காம்பரா இருக்கிற இடத்தில் என்றேன். கடைக்காரர் யாரிடமோ காய்கறி விலை பேசுவது காதில் விழுந்தது. பிறகு, நீ அந்த எழுதுகிற இடத்தில்தானே வேலை செய்கிறாய், நீயே மாற்றி எழுது என்றாள். நான் எழுத முடியாது, யாராவது நேரில் பார்த்து எழுத வேண்டும் என்றேன்.

"ஏன் புள்ள," என்று மெதுவாகக் கேட்டாள், "நாங்க இங்க இருக்கோம்னு ஒனக்குத் தெரியாதா?"

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்தது செல்லாது என்று எந்தத் தமிழில் அவளிடம் சொல்வது? அடுத்த முறை ஆள் வந்தால் ஒளியாதே, பெயரைச் சொல் என்று மட்டும் கெஞ்சினேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள்.

நான் எழுதிய ஆவணத்திலேயே ஒரு வழி இருந்தது. சந்தேகமுள்ள பதிவுகளைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் முறை களத்தில் சரிபார்க்கச் சொல்லலாம். எங்கள் லயத்தையும், அதைப் போல எனக்குச் சந்தேகம் தந்த இன்னும் சில லயங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். ஹெங்க் கையெழுத்து வைத்தார். அளவையாளர் எப்போது போவார் என்பதை அக்காவுக்குச் சொல்லிவிட்டு, நான் இங்கே ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மறுபடியும் ஒளிந்துகொண்டால் அதுவே கடைசிப் பதிவு. இரண்டு முறை போய்ப் பார்த்தும் ஆளில்லை என்றால் அதை மாற்ற யாராலும் முடியாது. அப்படியே அவர்கள் வெளியே வந்து பெயரைச் சொல்லி, அதனால் அவர்களுக்கு ஒரு கெடுதல் வந்தால்? அதற்கும் காரணம் நான்தானே. மழைக்காலமும் தொடங்கியிருந்தது. இணையத்தில் பதுளை மழைச் செய்தியைத் தேடித் தேடிக் கண் எரிந்தது.

பிறகு அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். லயத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. பெயர் சொல்லக்கூடாது என்று பாதிப் பேர். கடைசியில் அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, அடுப்பை மூட்டி, துவைத்த துணியெல்லாம் வாசலில் விரித்துப் போட்டிருக்கிறார்கள். புகையும் துணியும் தெரிந்தால் ஆள் இருப்பது தெரியுமே என்பது அக்காவின் யோசனை. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். தன் முறை வந்தபோது அக்காவும் பெயரைச் சொன்னாளாம். அன்றைக்கு விறகு பொறுக்கியவள் நீதானே என்று அவர் சிரித்தாராம். கடைசிக் காம்பராவில் மட்டும் கதவைத் திறக்கவே இல்லையாம்.

சில நாட்களில் என் திரையில் அந்த நீளக் கட்டடத்தின் நிறம் மாறியது. 'ஆள் வசிப்பது.' மூலம்: நேரடிக் களப்பதிவு. போன உயிர் திரும்பி வந்தது. நடுவதற்கென்று குறித்திருந்த பச்சைப் பட்டை லயத்தைத் தொடாமல், ஊற்றுக்கு மேலே ஒதுங்கிப் போனது. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, திட்டம் தீட்டுகிறவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். மேலே இருக்கும் சரிவு மழைக்குத் தாங்குமா? தாங்காது போலிருக்கிறது என்று ஒரு குறிப்பு வந்து, 'இடம் மாற்றப் பரிந்துரை' என்று லயத்தின் மேல் ஏறியது. நியாயமான குறிப்புதான், நானே மழைச் செய்தி தேடிப் பயந்தவள்தானே. எங்கே மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதற்கு அந்தத் தரவுத்தளத்தில் நான் இடம் வைக்கவில்லை. "பேர எழுதிட்டாங்க. இனி என்ன புள்ள செய்வாங்க?" என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை அக்கா என்றேன். இன்னும் தெரியவில்லை.

போன வாரம் பகலில் வீட்டில் தனியாக இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். கையில் கோப்போடு ஒரு பெண். கெமேன்டவிலிருந்து வந்திருந்தார். எந்தெந்த முகவரியில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகச் சரிபார்க்க வருவோம் என்று முன்னதாகவே அறிவித்திருந்தார்கள். என்னிடம் எல்லாம் சரியாக இருக்கிறது. பெயர் பதிவில் இருக்கிறது, கடவுச்சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது, வாசல் மரத்துக்குக்கூட எண் இருக்கிறது. கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் கால் நகரவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தேன், சத்தம் கேட்கும் என்று. தொண்டை கரகரத்தது. கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. அவர் இன்னொரு முறை அழுத்தினார், காத்திருந்தார், கோப்பைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டு லிண்டன் மரத்தைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போனார். என்ன குறித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதியவள் நான்தான்.