அடக்கிப் பழகிய உடம்பு

மகளுக்கு பிரஷர் இருக்கிறது என்று பள்ளி மருத்துவ முகாமில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். தர்ஷினிக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் சேரம்பாடி லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பிரஷர் என்றால் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வரும், இல்லாவிட்டால் மருமகளோடு மல்லுக்கு நிற்கிற மாமியாருக்கு வரும். தர்ஷினி அவ்வப்போது தலை வலிக்கிறது என்பாள். படிக்காமல் இருக்கப் போடும் வேஷம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது, வேறு வேறு நாட்களில் மூன்று முறை பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த மூன்று முறைக்கு நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். கொழுந்து அதிகம் வரும் பருவம். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் மாறும். பஸ் பிடித்துக் கூடலூர் போய், வரிசையில் நின்று, அளந்து திரும்பினால் பொழுது போய்விடும். இலை பறிப்பதைவிட அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு அலுப்பாக இருந்தது.

மூன்று முறையும் கூடுதலாகவே இருந்தது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைத்து, சிறுவர்களுக்கான கஃப்பை (கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை) சுற்றித்தான் அளந்தார்கள். பெரியவர்களுக்கு உள்ளதைச் சுற்றினால் அளவு தப்பாகக் காட்டும். இதைப் படிக்கும் பெற்றோர், சுற்றுவது சிறுவர் கஃப்தானா என்று கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஊட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே குழந்தை மருத்துவர், இந்த வயதில் பிரஷர் வந்தால் சிறுநீரகத்தைப் பார்த்தாக வேண்டும் என்றார்.

"பாப்பா ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போவா?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுங்க. ஸ்கூல்ல போகவே மாட்டா. நல்லா அடக்கிக்குவா." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "யாரும்மா அடக்கச் சொன்னது?"

நான்தான். தேயிலைக் காட்டில் எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் ஒரு டம்ளர் தேநீரோடு போய், தண்ணீர் குடிக்காமல், மாலைவரை அடக்குவோம். வேலைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு இலை பறிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதைத்தான் கற்றுக்கொடுப்போம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று மகள் அழுதபோது அதையே அவளுக்கும் சொன்னேன். அடிக்கடி வந்த காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தேன். அது சிறுநீர்த் தொற்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோயம்புத்தூரில் எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் தழும்பு தெரிந்தது. தொற்று வந்து ஆறிய இடம் அப்படி இறுகிவிடுமாம். பிரஷர் ஏறியது அதனால்தான்.

"அடக்குனதால மட்டும்னு சொல்ல முடியாதும்மா. சில பிள்ளைங்களுக்குப் பொறக்கும்போதே கொற இருக்கும்" என்றார் மருத்துவர். நல்ல மனது அவருக்கு. எனக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

தழும்பு போகாது. இன்னொன்று விழாமல் காப்பதுதான் வைத்தியம். தினம் ஒரு மாத்திரை, கருவாடும் ஊறுகாயும் இல்லாத சோறு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊட்டி. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "வளந்த பொறகும் பாத்துக்கணும்" என்றார். இப்போது எனக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் வந்துபோகின்றன. கடைசி இரண்டு முறையும் பிரஷர் அளவுக்குள் இருந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைக் கழிப்பறைக்குப் போகப் பழக்கச் சொன்னார்கள். துணைக்கு நானும் போவது என்று முடிவு செய்தேன். வீட்டில் இருக்கும்போதெல்லாம் அவள் போய் வந்ததும் நான் போவேன். தர்ஷினி பத்தே நாளில் பழகிவிட்டாள். எனக்குத்தான் வரவில்லை. தேயிலைக் காட்டில் பதினாறு வருடம் வாயை மூடு என்று அதட்டி வைத்த உடம்பு, இப்போது கெஞ்சிக் கேட்டாலும் பேச மறுக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நெடுநேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். போதும், எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"அவசரமில்லம்மா. மெதுவா வா. நான் இங்கதான் நிக்கிறேன்."

அந்த வார்த்தையை நான் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.