மண் ஒட்டிய தும்பை

அப்பாவுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்கு நாற்பத்தெட்டு நாள் தும்பை மாலை சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். பூப் பறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பதினோரு வயது.

தும்பைப் பூ அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு மாலைக்கு எத்தனை பூ வேண்டுமென்று நேர்ந்துகொள்கிறவர்கள் யோசிப்பதே இல்லை. எங்கள் வீடு இருந்த காஜா பெராங்கிலிருந்து நடந்து, சீனர் கல்லறைக் குன்றில் ஏறி, கல்லறைகளைத் தாண்டிப் போக வேண்டும். கடல்காற்றில் காய்ந்து கிடக்கும் சரிவில்தான் அது பூக்கும். தொட்டாலே உதிரும்.

"செடியிலேர்ந்து பறிக்கணும். கீழ விழுந்தது சாமிக்கு ஆகாது," என்று அம்மா தினமும் சொல்வாள். படுக்கையிலிருந்து அப்பா, "பிள்ளையாரோட வேலைக்காரி கெளம்பிட்டா," என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக வரும்.

நாற்பதாம் நாள் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாள். பள்ளிப் பிள்ளைகள் காலையிலேயே கொடி பிடித்துத் திடலில் நிற்க வேண்டும். அன்று பார்த்துக் குன்றில் செடியெல்லாம் மொட்டை. மழையில் பூ முழுக்கத் தரையில் கிடந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. இரண்டு கையாலும் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. நான் திடலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், ஐஸ் தண்ணீர் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாற்பத்தாறாம் நாள் அப்பா ரத்தம் கக்கிச் செத்துப்போனார்.

நுரையீரல் அரித்துப்போன மனுஷனை ஒரு பூ கொன்றிருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். முப்பது வருஷம் நானே சொல்லிக்கொண்டேன், உள்ளே இறங்கவில்லை. வாசலில் தும்பை முளைத்தால் வேரோடு பிடுங்கி எறிவேன்.

அம்மா சாகக் கிடந்தபோது இனியும் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "ம்மா, மெர்டேக்கா அன்னிக்கு நான் கீழ கெடந்த பூவத்தான் வாரிட்டு வந்தேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும். மண்ணு ஒட்டியிருந்துச்சு. திருப்பி அனுப்புனா நீ கொடி புடிக்கப் போக முடியாது. அலசிட்டுக் கட்டுனேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்கப்பாவ நான்தான் கொன்னுட்டேன்னு இருந்தேன்."