இரண்டு வருடம் வீட்டில் படித்தவள்

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். அவளுக்குப் பேச்சு திக்கும். ஒரு நாள் ஆசிரியை அவளை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டாள். வாசித்து முடிக்கிற வரை உட்காரக் கூடாது என்றாராம். பிள்ளைகள் அவளைப் போலவே திக்கிக் காட்டிச் சிரிக்க, நின்ற இடத்திலேயே சீருடையை நனைத்துவிட்டாள். அப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் வரைக்கும் அந்த ஈரத்தோடுதான் நடந்து வந்தாள்.

நான் தோட்டத்து முன்பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டேன். கொழும்பில் கடை வேலையில் இருந்த கணவர், உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்றார். பள்ளிக்கூட அதிபர் ஆளனுப்பிக் கேட்டபோதெல்லாம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

வீட்டில் அவள் நன்றாகப் படித்தாள். என்னோடு பேசும்போது திக்கல் பாதியாகக் குறைந்தது. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆரம்பத்தில் லயத்துப் பிள்ளைகள் மாலையில் விளையாடக் கூப்பிட வந்தார்கள். மறுபடி கேலி செய்வார்களோ என்று பயந்து நானே திருப்பி அனுப்பினேன். பிறகு அவர்கள் வரவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

இரண்டாம் வருடம் அடுத்த லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். மகளுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப் போனேன். உள்ளே பிள்ளைகள் வகுப்பில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலைத் தாண்டவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அவுங்ககிட்ட என்னம்மா பேசணும்? சொல்லிக் குடுங்க, பேசுறேன்."

கேக் வெட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டோம்.

அடுத்த பள்ளித் தவணை தொடங்கியதும் பண்டாரவளையில் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை கெட்டிக்காரி. ஆனா இடைவேளையிலும் கதிரையை விட்டு எழும்பமாட்டா. ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை," என்றார்.

வீட்டில் வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

இப்போது அவளுக்குப் பதினைந்து. முதல் ஐந்து பேருக்குள் வருகிறாள். அவளைத் தேடி வீட்டுக்கு இதுவரை ஒரு பிள்ளை வந்ததில்லை. போன மாதம் துணிந்து கேட்டேன், உன்னை நிறுத்தியதில் என்மேல் கோபமா என்று.

"பழைய பள்ளிக்கூடத்துல தெனமும் அழுதேன். வீட்டுல அழுகல. அவ்வளவுதாம்மா," என்றாள்.

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.